வாயில்லா ஜீவன்களுக்காகப் பேசிய ருக்மிணி தேவி

குழந்தைகளே! உங்களுக்குப் பிறந்தநாள் ஆண்டுதோறும் வருகிறது. புதுச்சட்டை, சாக்லேட், வகுப்பில் கைதட்டல் எல்லாம் உண்டு. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் வரும் என்றால் எப்படி இருக்கும்? ருக்மிணி தேவி அப்படிப்பட்ட ஒரு நாளில் பிறந்தவர். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29. காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1986-இல் மறையும் வரை, பிறந்த நாளை விட்டுவிட்டால், பிப்ரவரி 29 அவருக்கு 20 தடவைதான் வந்தது.

ருக்மிணி தேவி என்றதும் பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள், கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர்தானே என்று சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் மாட்டுவண்டிக் காளைக்கும், கூண்டுக் குருவிக்கும், கட்டிப்போட்ட நாய்க்கும் இந்தியாவில் ஒரு சட்டம் இருக்கிறதே, அதற்கு விதை போட்டவரும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. இன்று அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நாட்டியக் கதையும் கொஞ்சம் வரும். அது இல்லாமல் இது புரியாது.

ருக்மிணி பிறந்தது மதுரையில். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளர், வடமொழி கற்றவர். அம்மா சேஷம்மாள். அரசாங்க வேலை என்றால் இடமாற்றம் இருக்கும் அல்லவா? குடும்பம் ஊர் ஊராகச் சுற்றியது. ஓய்வு பெற்ற பிறகு அப்பா சென்னைக்கு வந்து, அடையாறில் பிரம்மஞான சபைக்கு அருகே வீடு கட்டிக் குடியேறினார். அன்னிபெசன்ட் அம்மையார் தலைமை வகித்த சபை அது. அடையாறு ஆற்றங்கரையில் பெரிய தோப்புபோல் பரந்த இடம். அங்கே இருக்கும் ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தாய்த்தண்டு 1989-இல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. சிறுமி ருக்மிணி வளர்ந்த காலத்தில் அது கம்பீரமாக நின்றது.

எல்லா உயிரும் ஒன்று, புலால் உண்ணக்கூடாது, எந்த உயிருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பவை அந்தச் சபையில் அடிக்கடி பேசப்பட்ட கருத்துகள். வீட்டிலும் சைவ உணவுதான். சின்ன வயதிலேயே இவையெல்லாம் மனத்தில் பதிந்துவிட்டன.

1920-இல் ருக்மிணிக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர். அன்னிபெசன்ட்டின் நெருங்கிய துணைவர். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவருக்கு வயது 41, ருக்மிணிக்கு 16! இன்றைய சட்டப்படி 18 வயது ஆகாமல் பெண்ணுக்குத் திருமணம் செய்யக்கூடாது. அன்றைக்கு ஊர் கொதித்தது வயது வித்தியாசத்துக்காக மட்டும் அன்று. ஒரு பிராமணப் பெண் வெள்ளைக்காரரை மணப்பதா என்பதுதான் பெரிய கூச்சலாக எழுந்தது. பத்திரிகைகளில் எல்லாம் எழுதினார்கள். ருக்மிணி அசையவில்லை. ஊர் எதிர்த்தாலும் நினைத்ததைச் செய்யும் துணிச்சல் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. பின்னால் அது பலமுறை தேவைப்பட்டது.

கணவருடன் உலகம் முழுவதும் பயணம் செய்தார். 1925-இல் உலக இளம் பிரம்மஞானிகள் கூட்டமைப்பின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 21.

இந்தப் பயணங்களில்தான் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவா ரஷ்யாவில் பிறந்த உலகப் புகழ் பெற்ற பாலே நடனக்காரி. சாகும் நிலையில் இருக்கும் ஓர் அன்னப்பறவையாக அவர் மேடையில் ஆடும்போது பார்ப்பவர்கள் கண்கலங்குவார்களாம். லண்டனில் தம் வீட்டுக் குளத்தில் நிஜமான அன்னங்களையே வளர்த்து, அவை கழுத்தை வளைப்பதையும் சிறகை மடக்குவதையும் கவனித்தவர். 1928-இல் பாவ்லோவா பம்பாய்க்கு வந்து ஆடியபோது ருக்மிணி பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். ருக்மிணிக்கு பாலே கற்றுக்கொள்ள ஆசை. பாவ்லோவா தம் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் சொல்லிக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். கூடவே, உங்கள் நாட்டிலேயே அருமையான நடனம் இருக்குமே, அதைத் தேடுங்கள் என்றும் வழிகாட்டினார்.

தேடியபோது கிடைத்ததுதான் சதிர். கோயில்களைச் சார்ந்து வாழ்ந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களும் அவர்களுடைய நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஆட்டம். அன்றைக்கு அது மதிப்பிழந்து கிடந்தது. 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபில் வந்த சகோதரிகள் இருவர் ஆடியதை ருக்மிணி பார்த்தார். ஆடினால் இதைத்தான் ஆடவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயதில் தொடங்க வேண்டிய அரைமண்டியை அந்த வயதில் தொடங்கினால் முழங்கால் என்ன பாடுபடும் என்று நாட்டியம் கற்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்!

1935 டிசம்பர் 30-ஆம் தேதி, அடையாறில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் அவர் ஆடினார். அவர் பிறந்த குலத்துப் பெண் மேடையேறுவதா என்று மறுபடியும் பேச்சு. அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், கணவருடன் சேர்ந்து ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அதுதான் கலாக்ஷேத்திரா. அவர் நாட்டியத்தை மாற்றிய விதம் எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிருங்காரத்தைக் குறைத்துவிட்டார், பரம்பரையாக ஆடியவர்களின் இடம் போய்விட்டது என்று குறை கூறியவர்கள் உண்டு. பெரும் கலைஞரான பாலசரஸ்வதி அம்மையாரும் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்றும் நடக்கிறது. பெரியவர்களானதும் நீங்களே படித்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. தமிழ்ப் புத்தகத்தில் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைப் பற்றிப் படிக்கிறீர்கள் அல்லவா? அவர் 1942-இல் மறைந்தார். ஓடி ஓடிச் சேர்த்த ஓலைச்சுவடிகள் சிதறிப் போகாமல், அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஒரு நூலகம் அமைத்தவரும் ருக்மிணி தேவிதான். பெசன்ட் நகரில் இருக்கிறது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் அருண்டேல் தம்பதியரின் அழைப்பின் பேரில்தான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு இது மறக்க முடியாத செய்தி.

1945-இல் ஜார்ஜ் அருண்டேல் மறைந்தார். நாட்டுக்கு விடுதலை வந்தது. 1952-இல் டில்லியில் மாநிலங்களவை அமைந்தபோது, கலை, அறிவியல், இலக்கியம் முதலிய துறைகளில் சிறந்த 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். அந்தப் பன்னிருவரில் ஒரே பெண் ருக்மிணி தேவி.

கலைஞர் என்பதற்காகக் கிடைத்த பதவி. அங்கே போய் நடனத்துக்கு மானியம் கேட்டிருக்கலாம். யாரும் தவறு சொல்லமாட்டார்கள். அவர் எழுந்து பேசியது மாடு, குதிரை, நாய், குரங்கு ஆகியவற்றுக்காக!

அந்தக் காலத்துச் சென்னையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தாத்தா பாட்டியையும் கேளுங்கள். லாரியும் குட்டி யானை வண்டியும் இல்லாத நாள்கள். விறகு, மூட்டை, செங்கல், மணல் எல்லாமே மாட்டுவண்டியில்தான் போகும். மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. சித்திரை வெயிலில் தார் உருகும் சாலை. காளையின் கழுத்தில் நுகத்தடி உரசி உரசிப் புண்ணாகி இருக்கும். அந்தப் புண்ணின் மேலேயே மறுநாளும் நுகத்தடி. மாடு நின்றுவிட்டால் வாலை முறுக்குவார்கள். அதற்கும் நகராவிட்டால் தார்க்குச்சி. தார்க்குச்சி என்றால் தெரியுமா? நுனியில் கூரான ஆணி பொருத்திய கோல். வண்டிக்காரரும் பாவம்தான். அவருக்கு அன்றைய கூலி அந்தப் பாரத்தில் இருந்தது. ஏற்றியவர் மூட்டை கணக்குப் பார்த்தார். சுமந்தவனுக்குத்தான் கணக்குக் கேட்க வாய் இல்லை.

ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. 1890-இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் போட்டது. அதில் ஓட்டைகள் அதிகம். பெரும்பாலும் நகரங்களோடு நின்றுபோனது. எனவே ருக்மிணி தேவி 1953-இல் புதிய மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார்.

மசோதா என்றால் சட்டமாவதற்கு முந்தைய வரைவு. பொதுவாக அமைச்சர்கள்தான் கொண்டு வருவார்கள். உறுப்பினர் எவரும் தனியாகவும் கொண்டு வரலாம். அதற்குத் தனிநபர் மசோதா என்று பெயர். அப்படி வருபவற்றில் நிறைவேறுபவை மிகமிகக் குறைவு. அதற்கு ஆதரவு திரட்டுவது தனி ஆளுக்கு எளிய வேலை இல்லை.

1954-இல் அவையில் விவாதம் நடந்தது. நாட்டில் மனிதர்களுக்கே சோறு இல்லை, இதில் மாட்டுக்குச் சட்டமா என்ற கேள்வி அந்த நாளில் இயல்பாகவே எழக்கூடியது. பிரதமர் நேருவோ அவருடைய நோக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் மசோதாவைத் திரும்பப் பெறும்படி கேட்டார். அரசாங்கமே ஒரு குழு அமைத்து, எல்லாவற்றையும் ஆராய்ந்து, விரிவான சட்டம் கொண்டு வரும் என்று உறுதியளித்தார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? விடாப்பிடியாக நின்று வாக்கெடுப்பில் தோற்கலாம். அல்லது வாக்குறுதியை நம்பி விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தபின் அரசாங்கம் மறந்துவிட்டால்? ருக்மிணி தேவி நம்பினார். மசோதாவைத் திரும்பப் பெற்றார். அரசாங்கம் மறக்கவில்லை, ஆனால் அவசரப்படவும் இல்லை. குழு அமைத்தார்கள், அறிக்கை வந்தது, அதைப் படித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன! 1956-இல் அவரை மாநிலங்களவைக்கு மறுபடியும் நியமித்தது நல்லதாகப் போயிற்று. 1962 வரை அங்கே இருந்து இந்த விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் 1960 டிசம்பர் 26 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960.

அதில் என்ன இருக்கிறது? பிராணி என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரினமும் என்று சட்டம் சொல்கிறது. அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது குற்றம். நோயுற்ற, வயதான பிராணியை வேலை வாங்குவது குற்றம். அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதும், மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிவைப்பதும் குற்றம். வளர்ப்பவர் தீனி, தண்ணீர், இருப்பிடம் தராமல் இருந்தால் குற்றம். நாயை எப்போதும் கட்டியே வைத்து, நடக்கவிடாமல் இருந்தாலும் குற்றம்தான். வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிட்டு வருவதும் அப்படியே. உங்கள் தெருவில் அடுக்குமாடி வீட்டு பால்கனியில் நாள் முழுக்கக் குரைத்துக்கொண்டிருக்கும் நாய் ஏதாவது உண்டா? (கூண்டுக் கிளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: நம் நாட்டுப் பச்சைக்கிளியை வளர்ப்பதற்கே தடை உண்டு. அது வேறு சட்டம், 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.)

ருக்மிணி தேவி விரும்பிய எல்லாமே சட்டத்தில் வந்துவிடவில்லை. முக்கியமாக, ஆய்வுக்கூடங்களில் பிராணிகளை வைத்துச் சோதனை செய்வது. அது வேண்டவே வேண்டாம் என்பது அவர் எண்ணம். சட்டமோ சோதனையை அனுமதித்து, அதைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றது.

இது சிக்கலான விஷயம், குழந்தைகளே. அந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து குரங்குகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பத்து இருபது குரங்குகள் அல்ல; ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல்! வழியிலேயே இறந்தவை ஏராளம். எதற்காக என்றால், போலியோ தடுப்பு மருந்து தயாரிக்க. அந்த மருந்தின் கிருமியைக் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வளர்த்தார்கள். போலியோவால் கால் சூம்பிப்போன பிள்ளைகளை எங்கள் காலத்தில் ஒவ்வொரு தெருவிலும் பார்த்திருக்கிறோம். அந்த மருந்து எத்தனையோ கோடிப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஒருபக்கம் அந்தப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் கூண்டில் நசுங்கிய குரங்குகள். இரண்டில் எதைப் பார்த்தாலும் மனம் தாங்காது. ருக்மிணி தேவி குரங்கு ஏற்றுமதியை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர். 1978-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அரசு அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. பிற்காலத்தில் குரங்கைக் கொல்லாமலே, சோதனைச்சாலையில் தொடர்ந்து வளரும் செல்களைக் கொண்டு மருந்து தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது.

சரி, சட்டம் வந்தாயிற்று. புத்தகத்தில் இருந்தால் போதுமா? அதை நடைமுறைப்படுத்த 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அதன் தலைவர் ருக்மிணி தேவி. இந்திய அரசின் வாரியம் என்றால் டில்லியில்தானே இருக்கும்? இது சென்னையில் அமைந்தது. பின்னாளில் திருவான்மியூரில் அதன் அலுவலகம் இருந்தது. 2018-இல்தான் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றினார்கள்.

வாரியத்தின் வேலைகளைச் சட்டமே வரிசையாகச் சொல்கிறது. பிராணிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, கொட்டகை, கால்நடை மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மாட்டின் சுமை குறையும்படி வண்டியின் அமைப்பை மாற்ற யோசனை சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். வண்டிக்காரரின் பிழைப்பையும் கெடுக்காமல், காளையின் கழுத்தையும் காப்பாற்றும் வழி அல்லவா!

1965-இல் பாரம் இழுக்கும் பிராணிகளுக்கென்று விதிகள் வந்தன. சிறிய காளை பூட்டிய இருசக்கர வண்டியில் காற்றடைத்த டயர் இல்லையென்றால் 500 கிலோ வரைதான் ஏற்றலாம். டயர் இருந்தால் 750 கிலோ. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. தார்க்குச்சிக்கும் தடை!

இதே காலத்தில் சென்னையில் வேறு சிலரும் தெருவில் இறங்கி வேலை செய்தார்கள். விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-இல் தொடங்கியது புளூ கிராஸ். உஷாவும் விமானிதான்! மழை வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில் ஆரம்பித்த காரியம் அது. கிண்டி வேளச்சேரி சாலையில் அவர்களுடைய மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். தெருநாய்களைக் கொல்லாமல், குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்து, தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடும் திட்டத்தை அவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்கள். சென்னை மாநகராட்சி அதை 1996-இல் ஏற்றது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதியாகவே வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டம்தான். சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்குகளை ஆட்டிவைக்கத் தடை வந்ததும் அதன் கீழ்தான். 2001-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்களே, அதில் வாதாடப்பட்டதும் இந்தச் சட்டமே. 2017-இல் தமிழ்நாடு அரசு அதில் திருத்தம் செய்து ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

ருக்மிணி தேவிக்கு 1956-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. கலாக்ஷேத்திரா அடையாறிலிருந்து திருவான்மியூர்க் கடற்கரைப் பக்கம் இடம் மாறி மரங்களோடு வளர்ந்தது. ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். முதல் நாடகம் 1955-இல், ஆறாவது 1970-இல். ஒரு கையில் ஒத்திகை, மறு கையில் வாரியத்தின் கோப்புகள்!

1977-இல் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்களா என்று மொரார்ஜி தேசாய் கேட்டார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி குடியரசுத் தலைவரானார். ஒரு பெண் அந்த மாளிகைக்குப் போக மேலும் 30 ஆண்டுகள் ஆயின. 2007-இல் பிரதிபா பாட்டீல் போனார். கலாக்ஷேத்திராவின் ஒத்திகைகளும் விலங்குகள் நல வாரியத்தின் வேலைகளும் ருக்மிணி தேவிக்கு முன்போலவே தொடர்ந்தன.

1986 பிப்ரவரி 24-ஆம் தேதி சென்னையில் அவர் காலமானார். அப்போதும் அவர்தான் வாரியத் தலைவர். மறுஆண்டு அஞ்சல் துறை அவர் படத்துடன் தபால்தலை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கும் பிள்ளைகள் தேடிப் பாருங்கள்.

சட்டத்தில் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பிராணியை வதைப்பவருக்கு முதல் தடவை அபராதம் எவ்வளவு என்று சொல்லவில்லையே! 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். 1960-இல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று அதில் என்ன வாங்கலாம் என்று உங்களுக்கே தெரியும். அபராதத்தை உயர்த்தித் திருத்தம் செய்வதற்கான வரைவை மத்திய அரசு மக்கள் கருத்துக்காக வெளியிட்டது 2022-இல். ருக்மிணி தேவி தம் முதல் மசோதாவைக் கொண்டு வந்து அப்போது 69 ஆண்டுகள் ஆகியிருந்தன.